13 வயது மகனுக்கு இரவில் நெஞ்செரிச்சல்: சொதியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி (அம்பாசமுத்திரம், ஒரு தாய்):
கடந்த மூன்று மாதங்களாக, படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சு எரிவதாகவும் வாய்க்குள் புளித்த நீர் எதுக்களித்து வருவதாகவும் என் மகன் சொல்கிறான். விடியற்காலையில் வறட்டு இருமலும் உண்டு. எழுந்து படிக்கச் சோம்பிச் சொல்லும் சாக்கு என்று எண்ணி முதலில் அவனைக் கடிந்துகொண்டேன். அதை நினைத்து இப்போது வருந்துகிறேன். டியூஷன் முடிந்து ஒன்பதரை மணிக்குப் பசியோடு வருபவனுக்கு வயிறு நிறையச் சோறும் ஒரு தம்ளர் பாலும் கொடுத்து, உடனே படுக்க வைக்கிறேன். அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் குழம்பான சொதியையும் அல்வாவையும் அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை எத்தனை நாள் கொடுக்கலாம்?

பதில் 1 (பாளையங்கோட்டை, குழந்தைகள் பிரிவுச் செவிலியர்):
அக்கா, சொதியைக் குறை சொல்வதற்கு முன் நேரத்தைத் திருத்துங்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள வளையத் தசை, நாம் விழுங்கும்போது திறந்து பின் மூடிக்கொள்ள வேண்டும். நிறைந்த வயிற்றோடு படுத்திருக்கையில் அது தளர்ந்தால் அமிலம் எளிதாக மேலேறிவிடும், இருமலும் அதனால் வரலாம். டியூஷனுக்குப் புறப்படுமுன் ஆறு மணிக்கே நான்கு இட்லி கொடுத்துவிட்டால், திரும்பி வந்தபின் சிறிதளவு உணவே போதும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 2 முதல் 3 மணி நேரம் இருப்பது நல்லது. தலையணைகளை அடுக்கினால் உடல் இடுப்பில் மடங்கி வயிறுதான் அழுந்தும்; அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரத்துக்கு உறுதியான மரக்கட்டைகளை வையுங்கள்.

மாத்திரையை நீங்களாகத் தொடராதீர்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளின் அளவை மருத்துவர்தான் எடை பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று அவரே சொல்வார். வாந்தியில் இரத்தம், கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு, எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

பதில் 2 (தென்காசி, ஒரு தந்தை):
என் மகளுக்கு 16 வயது. ஒவ்வொரு வேளையும் "அதைத் தொடாதே, இதைத் தொடாதே" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால், அவள் வலியையே மறைக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு இரண்டு வாரம் அவளே ஒரு நோட்டில், உண்டதையும் எரிச்சல் வந்த நேரத்தையும் எழுதினாள். நண்பகலில் சாப்பிட்ட சொதி அவளை ஒன்றும் செய்யவில்லை. இரவு பரோட்டா சால்னாவும், அதன்மேல் குடித்த கலர் சோடாவும்தான் தொந்தரவு தந்தன. உங்கள் மகனுக்கு அது வேறாக இருக்கலாம், எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3 (நாங்குநேரி):
என் நான்கு மாதக் குழந்தையும் பாலைக் கக்குகிறது. தலைமாட்டை உயர்த்தலாமா?

பதில் 4 (பாளையங்கோட்டை செவிலியர்):
வேண்டாம் அம்மா. ஒரு வயதுக்குள் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. பால் கொடுத்தபின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை வயதுக்குள் இது நின்றுவிடும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ எடை ஏறாவிட்டாலோ உடனே காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி தங்கச்சி, நன்றி அண்ணாச்சி. இன்று மாலை ஆறு மணிக்கே இட்லி கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். நோட்டை அவனே வாங்கி வைத்திருக்கிறான்.