பைக் பேட்டரிக்கு எந்த சார்ஜர்? வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பேசியது

கார்த்தி: செல்வம் மாமா, ஒரு சந்தேகம். அடுத்த மாதம் வேலைக்காக வெளியூர் போகிறேன், திரும்பி வர ஆறு மாதம் ஆகும். வண்டி வீட்டில்தான் நிற்கப் போகிறது. போன தடவை கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு வந்ததற்கே செல்ஃப் எடுக்கவில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். கிக்கரும் இல்லாத வண்டி. ட்ரிக்கிள் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுப் போகலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பெரியப்பா: சார்ஜர் எல்லாம் எதற்குப்பா. ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருத்தர் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டால் போதுமே. அப்படியே வேண்டுமென்றாலும் என் கார் பேட்டரிக்கு வாங்கின பழைய சார்ஜர் பரணில் இருக்கிறது. 6 ஆம்பியர், கனமான டிரான்ஸ்ஃபார்மர். எடுத்துக்கொள்.

மலர்: நானும் இதைக் கேட்க நினைத்தேன் மாமா. என் வண்டியில் போன வருடம் லித்தியம் பேட்டரி மாற்றினோம் இல்லையா, ஒரே சார்ஜரை நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?

செல்வம் மாமா: கார்த்தி, முதலில் சீட்டைக் கழற்றி பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துப் போடு. அதைப் பார்க்காமல் எந்த சார்ஜர் என்று சொல்ல முடியாது.

கார்த்தி: [படம்] எழுத்து தெரிகிறதா? 12 வோல்ட், 8 ஏஎச், சீல்டு, மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ஸ்டாண்டர்டு சார்ஜ் 0.8 ஆம்பியர், 5 முதல் 10 மணி நேரம் என்று போட்டிருக்கிறான்.

செல்வம் மாமா: அந்தப் பொடி எழுத்துதான் நமக்கு வேண்டியது. உன்னுடையது லெட் ஆசிட், அதாவது ஈயத் தகடும் அமிலமும் உள்ள வகை. அதற்குப் பொதுவாக அதன் ஏஎச்சில், அதாவது ஆம்பியர் அவர் என்கிற கொள்ளளவில், பத்தில் ஒரு பங்கு கரண்ட் கொடுத்து மெதுவாக ஏற்றுவது நல்லது. 8 ஏஎச் என்றால் 0.8. அண்ணா, உங்கள் சார்ஜரைத் தப்பாகச் சொல்லவில்லை, கார் பேட்டரி 40, 50 ஏஎச் இருக்கும், அதற்கு 6 ஆம்பியர் சரியான அளவு. இந்தக் குட்டி பேட்டரிக்கு அது ஏழெட்டு மடங்கு அதிகம். அதைவிட முக்கியம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் பேட்டரி நிறைந்த பிறகும் நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது உள்ளே இருக்கிற தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிந்து வாயுவாகப் போய்விடும்.

பெரியப்பா: ஆமாம், குமிழ் குமிழாக வரும், பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் மூடியைத் திறந்து கோடு வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவோம்.

செல்வம் மாமா: அதேதான் அண்ணா. மூடி இருந்த பேட்டரியில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம். கார்த்தி பேட்டரி சீல் வைத்தது, மூடியே கிடையாது. ஓரளவு வாயுவை உள்ளேயே திரும்பத் தண்ணீராக்கிக் கொள்ளும், அந்த அளவைத் தாண்டினால் வால்வு திறந்து வெளியே விட்டுவிடும். போனது போனதுதான். நாளடைவில் உள்ளே காய்ந்து கொள்ளளவு குறைந்துவிடும்.

செல்வம் மாமா: கடையில் ட்ரிக்கிள் சார்ஜர் என்று கேட்டால் இரண்டு விதமான பொருளையும் அந்தப் பெயரில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்று, சின்ன கரண்டை ராப்பகலாக ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டே இருப்பது. விலை குறைவு, ஆனால் மாதக்கணக்கில் மாட்டி வைக்க அது ஆகாது. இன்னொன்று ஸ்மார்ட் சார்ஜர், மெயின்டெயினர் என்றும் சொல்வார்கள். இது முதலில் 14.4 வோல்ட் பக்கம் வரை ஏற்றும், பேட்டரி இழுக்கிற கரண்ட் நன்றாகக் குறைந்ததும் தானாக 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி அங்கேயே பிடித்து வைக்கும். ஃப்ளோட் என்று போட்டிருப்பது அதைத்தான். பெட்டியில் ஃப்ளோட் வோல்டேஜ் எவ்வளவு என்று எண்ணாக எழுதாத சார்ஜரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அம்மா: அதாவது குடம் நிறைந்ததும் குழாயைத் தானே மூடிக்கொள்ளும் சார்ஜர். சரியா தம்பி?

செல்வம் மாமா: சரியாகப் பிடித்தீர்கள் அக்கா.

பெரியப்பா: சரி செல்வம், சார்ஜரை விடு. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வைப்பதில் என்ன குறை? செலவே இல்லையே.

செல்வம் மாமா: ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, கரண்ட் தயாரிக்கிற மேக்னெட்டோ கொடுப்பது மிகவும் கொஞ்சம் அண்ணா. ஹெட்லைட்டு தானாக எரிகிற வண்டி இது, பெட்ரோல் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது, வருகிறது அதற்கே சரியாகப் போய்விடும். செல்ஃப் அடித்தபோது எடுத்ததுகூட முழுதாகத் திரும்பாது. அது போக, ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது, சைலன்ஸரிலும் ஆயிலிலும் ஈரம் அப்படியே தங்கிவிடும். யாராவது அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வருவதாக இருந்தால் அது அருமை, சார்ஜரே வேண்டாம். ஓட்ட ஆள் இருக்கிறதா?

அம்மா: எனக்கு ஸ்கூட்டரே பயம். அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஓட்ட ஆள் இல்லை.

மலர்: மாமா, நெகட்டிவ் வயரைக் கழற்றி விட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்களே?

செல்வம் மாமா: நல்ல யோசனைதான் மலர், இரண்டு மூன்று மாதம் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். சீல்டு பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தனியாக வைத்தாலும் மாதத்துக்குச் சில சதவீதம்தான் இறங்கும். ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நம் வண்டி நிற்கிற இடமோ தகரக் கூரை, ஆறு மாதம், வெயில் காலமும் நடுவில் வருகிறது. பேட்டரியும் புதிது இல்லை. சார்ஜ் குறைந்தே கிடந்தால் தகட்டில் லெட் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த சார்ஜர் போட்டாலும் பழைய பலம் முழுதாக வராது. அதனால் இவனுக்கு சார்ஜர் வாங்குவதுதான் நல்லது.

செல்வம் மாமா: ஆனால் கார்த்தி, வாங்குவதற்கு முன்னால் ஒன்று பார்த்துவிடு. வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது? மல்டிமீட்டர் இருக்கிறதா?

கார்த்தி: இருக்கிறது மாமா.

செல்வம் மாமா: சாவியை எடுத்துவிடு. நெகட்டிவ் டெர்மினல் வயரை மட்டும் கழற்று. சிவப்பு முனையை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகிக்கொள். மீட்டரை அந்த வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பிடி. ரொம்பக் குறைவாகக் காட்டினால் மில்லி ஆம்பியருக்கு மாற்று. மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போடாதே, செல்ஃபையும் தொடாதே, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். உடனே வருகிற எண்ணை நம்பாதே, வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கச் சில நிமிடம் எடுக்கும்.

கார்த்தி: [படம்] முதலில் கொஞ்சம் அதிகமாகக் காட்டியது, அப்புறம் இறங்கி 3.8 மில்லி ஆம்பியரில் நின்றுவிட்டது. இது பரவாயில்லையா?

செல்வம் மாமா: நல்ல அளவுதான். கடிகாரமும் கம்ப்யூட்டரும் நினைவில் வைத்துக்கொள்ளக் குடிப்பது, கோளாறு எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார், ஒரு நாளைக்கு 91 மில்லி ஆம்பியர் அவர், மாதத்துக்கு 2.7 ஏஎச் ஆகிறது. பேட்டரியே 8 தான். இரண்டு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி, செல்ஃப் எடுக்காது. இதே 50, 60 என்று காட்டியிருந்தால் சார்ஜர் வாங்கிப் பிரயோஜனமில்லை, அலாரமோ பின்னால் மாட்டின யுஎஸ்பி சாக்கெட்டோ எங்கே ஒழுகுகிறது என்று முதலில் தேட வேண்டியிருக்கும்.

அம்மா: எனக்கு ஒரு கவலை. ஆறு மாதமும் பகலும் ராத்திரியும் பிளக்கில் மாட்டி வைக்க வேண்டுமா? நாங்கள் தூங்கும்போது கொட்டகையில் ஏதாவது சூடாகிப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

செல்வம் மாமா: வேண்டாம் அக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. தரமான மெயின்டெயினரை மாட்டியே வைக்கலாம், அதற்கென்றே செய்தது. ஆனால் நம் கணக்குப்படி பதினைந்து நாளில் இறங்குவது 1.4 ஏஎச் கூட இல்லை. 0.8 ஆம்பியர் சார்ஜர் அதை இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடும், கடைசிச் சொச்சம் நிறைய இன்னும் சில மணி நேரம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலையில் போட்டு சாயங்காலம் எடுத்துவிடுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

அம்மா: அப்படி என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன். காலண்டரில் குறித்து வைத்துவிடுகிறேன்.

மலர்: என் கேள்வி அப்படியே நிற்கிறது மாமா 🙂

செல்வம் மாமா: மறக்கவில்லை மலர். உன்னுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நான்கு செல். அதற்கும் 14.4 வோல்ட் பக்கம்தான் ஏற்ற வேண்டும், அதனால் பார்க்க ஒன்று போலத் தோன்றும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், லெட் ஆசிட் சார்ஜர் சிலவற்றில் தகட்டில் படிந்த சல்ஃபேட்டைக் கரைக்க ரிப்பேர், டீசல்ஃபேஷன் என்று ஒரு மோடு இருக்கும். 15, 16 வோல்ட் வரை துடிப்பு துடிப்பாக அனுப்பும். லித்தியத்துக்கு அது ஆபத்து. சில சார்ஜர் அந்த வேலையை நம்மைக் கேட்காமலே தொடங்கிவிடும். லித்தியம் மோடு தனியாக இருக்கும் சார்ஜர் வாங்கினால் இருவரும் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் மோடைப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆறு மாதம் அதைப் போடப்போவது அக்கா. என் யோசனை என்னவென்றால் இவனுக்கு மோடு பட்டனே இல்லாத, லெட் ஆசிடுக்கு மட்டுமான சார்ஜர் வாங்கட்டும். நீ தினமும் ஓட்டுகிறாய், உனக்கு இப்போது தேவையே இல்லை.

மலர்: அதுவும் சரிதான். அம்மா அவசரத்தில் வேறு மோடை அழுத்திவிட்டால் கஷ்டம்.

கார்த்தி: மாமா, ஒரு சார்ஜர் பார்த்தேன். 12 வோல்ட், 1 ஆம்பியர், ஃப்ளோட் 13.6 வோல்ட், பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும் கெடாத ரிவர்ஸ் போலாரிட்டி பாதுகாப்பு இருக்கிறது. ரிப்பேர் மோடு என்று எங்கேயும் எழுதவில்லை. 0.8 தான் வேண்டும் என்றீர்களே, 1 ஆம்பியர் பரவாயில்லையா?

செல்வம் மாமா: தாராளமாக வாங்கு. 0.8 என்பது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இன்னும் இரண்டு விஷயம் பார். கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடருமா, இல்லை பட்டனை மறுபடி அழுத்த வேண்டுமா? தானாகத் தொடர வேண்டும். அப்புறம் டெம்பரேச்சர் காம்பன்சேஷன் உண்டா? தகரக் கொட்டகையில் 40 டிகிரி வந்தால் 25 டிகிரிக்குச் சொன்ன வோல்டேஜிலிருந்து கால் வோல்ட்டுக்கு மேல் குறைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிறைந்த பேட்டரியை அது மேலும் தள்ளும். நீ எப்போதும் மாட்டி வைக்காததால் இது கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது.

கார்த்தி: தானாகத் தொடரும் என்று போட்டிருக்கிறது. டெம்பரேச்சர் பற்றி ஒன்றும் இல்லை.

செல்வம் மாமா: போதும், வாங்கிவிடு. கூடவே ரிங் டெர்மினல் வைத்த வயர் ஒன்று வருகிறதா பார். அதை பேட்டரியில் நிரந்தரமாக முடுக்கி, முனையை சீட்டுக்கு வெளியே கொண்டுவந்து விடு. அக்கா கிளிப்பை எடுத்து பிளஸ் மைனஸ் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், பிளக்கோடு பிளக் சேர்த்தால் முடிந்தது. பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரிப் பக்கத்து பிளக்கில் பாசிட்டிவ் முனை வெளியே நீட்டாமல் ரப்பருக்குள்ளே மூடினபடி இருக்க வேண்டும், அது எப்போதும் உயிரோடு இருக்கிற முனை, சட்டகத்தில் உரசினால் பொறி வரும்.

கார்த்தி: சரி மாமா. போவதற்கு முன்னால் முழு சார்ஜ் போட்டுப் பார்க்கிறேன்.

செல்வம் மாமா: போட்டு எடுத்த உடனே அளக்காதே, வோல்டேஜ் ஏமாற்றும். ஒரு ராத்திரி விட்டு மறுநாள் காலையில் அள. 12.8 பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. நிறைந்தது என்று சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் மறுநாள் 12.4க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே தளர்ந்துவிட்டது, ஆறு மாதம் அதைக் காப்பாற்றி வைப்பதில் அர்த்தமில்லை, திரும்பி வந்ததும் புதிது போட்டுக்கொள்.

*

கார்த்தி: [படம்] மாமா, நேற்று சாயங்காலம் எடுத்தேன், இன்று காலை 12.78.

செல்வம் மாமா: அருமை. பேட்டரி நன்றாக இருக்கிறது.

பெரியப்பா: செல்வம், என் பரணில் இருப்பதை நான் காருக்கே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதையும் ராத்திரி முழுக்கப் போடுவது தப்பு என்று இப்போது தெரிகிறது. கார் பேட்டரியில் மூடி இருக்கிறது.

செல்வம் மாமா: மூடி இருக்கிற வரை பயமில்லை அண்ணா, பக்கத்தில் இருந்து வோல்டேஜைப் பார்த்து 14.4 வந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் அளவு பார்த்துக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள்.

அம்மா: கார்த்தி எனக்குச் செய்து காட்டினான். சார்ஜரை சீட்டின் மேல் வைக்கலாமா? கீழே வைத்தால் தண்ணீர் படும் போல் இருக்கிறது.

செல்வம் மாமா: சீட்டு வேண்டாம் அக்கா, சுவரில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். வண்டி மூடும் துணியும் சார்ஜர் மேல் விழக் கூடாது, லேசாகச் சூடாகும், காற்று பட வேண்டும்.

அம்மா: சரி தம்பி. பச்சை வந்த பிறகு முதலில் எதைக் கழற்ற வேண்டும்? வண்டிப் பக்கமா, சுவர்ப் பக்கமா?

செல்வம் மாமா: முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள், பிறகு வண்டிப் பக்கத்து பிளக். போடும்போது அப்படியே தலைகீழ், வண்டிப் பக்கம் சேர்த்துவிட்டுத்தான் சுவிட்ச். சுவிட்சை அணைத்துவிட்டு வண்டிப் பக்கத்தை மாட்டியபடியே விட்டுவிடாதீர்கள், சில சார்ஜர் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுக்கும்.

அம்மா: சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன் 👍