இரண்டு கொழுந்துத் தராசுகள், ஒரே ஐ.ஆர்.கியூ 4: காம் போர்ட்டுகளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: மடுவத்துக் கிளாக்கர், ஹட்டன் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சாலையை ஒட்டிய மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்து நிறுவையைப் பதிவதற்கு ஒரு பழைய கணினி இருக்கிறது. பென்டியம் 2 செயலி, விண்டோஸ் 98. ஆனால் நிறுவைப் பதிவு பழைய டாஸ் நிரல் ஒன்றில் நடப்பதால், கணினியை டாஸிலேயே தொடங்கி அதை ஓட்டுகிறோம். கணினியின் சீரியல் வாயில்களான காம் போர்ட்டுகளில், முதல் தராசின் எடை சீரியல் கேபிள் வழியாகக் காம்1 இலும், இரண்டாவது தராசின் எடை காம்2 இலும் வந்துகொண்டிருந்தன. சித்திரை மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் இடித்த இடியில் காம்2 போய்விட்டது.

பழைய சாமான் கடையிலிருந்து ஐ.எஸ்.ஏ என்ற பழைய வகைத் துளையில் செருகும் சீரியல் கார்டு ஒன்றை வாங்கினேன். காம்1, காம்2 இரண்டும் போர்டிலேயே இருப்பதால் கார்டின் ஜம்பரை (அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு மூடியை) காம்3 இல் வைத்துப் பொருத்தினேன். எந்தத் தராசானாலும் ஒன்றை மட்டும் இயக்கினால் எடை சரியாக வருகிறது. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால், சிறிது நேரத்தில் முதல் தராசின் எண் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. தட்டில் கூடையை மாற்றினாலும் பழைய எண்தான் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை இதனால் ஓர் அம்மாவின் 7 கிலோ பதிவாகவில்லை. அன்றைய மொத்தம் குறைந்து அவருக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்துவிட்டது. கையால் எழுதிய துண்டு இருந்ததால் மறுநாள் திருத்தி முழுப்பேர் போட முடிந்தது. இனி ஒருவருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்பதால் கேட்கிறேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் காம்1, காம்3 இரண்டும் ஐ.ஆர்.கியூ (குறுக்கீட்டுக் கம்பி) 4 என்று காட்டுகின்றன. இதை எங்கே, எப்படி மாற்றுவது?

பதில் 1: பண்டாரவளைத் திருத்துநர்

தம்பி, தனித்தனியாக வேலை செய்வதும் சேர்ந்தால் நிற்பதும் குறுக்கீட்டு மோதலின் தெளிவான அடையாளம். கார்டும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கும் அதுவே சாட்சி.

காம் போர்ட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று முகவரி: காம்1 இற்கு 3எஃப்8, காம்2 இற்கு 2எஃப்8, காம்3 இற்கு 3ஈ8, காம்4 இற்கு 2ஈ8. இவை நான்கும் வேறு வேறானவை. மற்றது, “என்னிடம் ஓர் எழுத்து வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்” என்று செயலியை அழைக்கும் குறுக்கீட்டுக் கம்பி. அதில் காம்1, காம்3 இரண்டுக்கும் 4. காம்2, காம்4 இரண்டுக்கும் 3. 1981 இல் வந்த ஐ.பி.எம் பி.சி.யில் குறுக்கீடுகளைக் கையாளும் 8259 என்ற ஒரு சில்லும் எட்டுக் கம்பிகளும்தான் இருந்தன. 1984 இல் ஐ.பி.எம் ஏ.டி. கணினி வந்தபோது இரண்டாவது 8259 ஐ முதலாவதின் 2 ஆம் கம்பியில் தொடுத்து, பயன்படுத்தக்கூடியவற்றைப் பதினைந்தாக்கினார்கள். அவற்றிலும் கடிகாரம், விசைப்பலகை, பிளாப்பி, வன்தட்டு என்று பெரும்பாலானவை போய்விடுவதால், நான்கு சீரியல் போர்ட்டுகளும் இரண்டு கம்பிகளோடு நிற்க வேண்டியதாயிற்று.

ஐ.எஸ்.ஏ.க்குப் பின் வந்த பி.சி.ஐ வகைக் கார்டுகள் ஒரே கம்பியைப் பகிரலாம். அங்கே கம்பியின் நிலை பார்க்கப்படுகிறது. கோரிக்கை தீரும்வரை அது அப்படியே இருக்கும். ஐ.எஸ்.ஏ.யில் கம்பி தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் அந்த ஒரு கணம் மட்டுமே கணக்கு. முதல் தராசு கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கும்போது இரண்டாவது தராசு அழைத்தால், புதிதாக ஏற்றம் எதுவும் தெரியாது. அந்த அழைப்பு தொலைந்துபோகும். அத்துடன் ஒரு கார்டு கம்பியை உயர்த்த, மற்றது அதே கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும் இழுபறியும் உண்டு. நிரல் ஒரு போர்ட்டைத் திறக்கும்போதுதான் அதன் சில்லிலுள்ள அவுட்2 என்ற பிட் கம்பியை இணைக்கிறது. ஒரு தராசை மட்டும் திறந்தால் எல்லாம் சரியாக நடப்பதற்குக் காரணம் அதுதான்.

உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. இடியில் எரிந்தது பெரும்பாலும் காம்2 இன் வெளிவாயிலில் உள்ள சிறிய மின்னழுத்த மாற்றிச் சில்லாக இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சீரியல் சில்லு உயிரோடு இருந்து, 2எஃப்8 முகவரியையும் ஐ.ஆர்.கியூ 3 ஐயும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் பகுதிக்குப் போய் ஆன்போர்டு சீரியல் போர்ட் 2 ஐ டிசேபிள் செய்யுங்கள். ஆட்டோ என்று விடாதீர்கள். பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கார்டின் ஜம்பர்களை 2எஃப்8, ஐ.ஆர்.கியூ 3 என்று மாற்றுங்கள். பல கார்டுகளில் முகவரிக்கு ஒரு வரிசையும் ஐ.ஆர்.கியூவுக்கு வேறொரு வரிசையும் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது வழக்கமாக நடக்கும் தவறு. கார்டு வெளியே இருக்கும்போதே அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை மென்மையான அழிறப்பரால் துடைத்துவிடுங்கள். தொழிற்சாலைக் கணினிகளைத் திறக்கும்போதெல்லாம் ஐ.எஸ்.ஏ துளைக்குள் தேயிலைப் பஞ்சு அடைந்திருப்பதைப் பார்க்கிறேன். நம் மலைப் பனியின் ஈரத்தில் அது ஊறி ஒட்டிக்கொள்கிறது.

இன்னும் ஒரு வேலை உண்டு. ஐ.ஆர்.கியூ 3 விடுபட்டதும் பயாஸ் அதைத் தூக்கி உங்கள் பி.சி.ஐ நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிடலாம். பி.என்.பி பி.சி.ஐ கன்ஃபிகரேஷன் பக்கத்தில் ரிசோர்ஸஸ் கன்ட்ரோல்ட் பை என்பதை மேனுவல் ஆக்கி, ஐ.ஆர்.கியூ 3 இற்கு எதிரே லெகசி ஐ.எஸ்.ஏ என்று வையுங்கள். ரீசெட் கன்ஃபிகரேஷன் டேட்டாவை ஒரு முறை எனேபிள் செய்து சேமித்தால், பழைய ஒதுக்கீட்டுப் பட்டியல் அழிந்து புதிதாக எழுதப்படும். கணினி தொடங்கும்போது பி.சி.ஐ சாதனங்களின் பட்டியல் ஓடும்; பாஸ் விசையை அழுத்தி நிறுத்தி, அதில் 3 என்ற எண் எங்கும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.

பதில் 2: நானுஓயாவிலிருந்து ஒருவர்

மேலே உள்ள வழியை ஆமோதிக்கிறேன். இதே சிக்கல் உள்ளவர்களில் காம்2 நல்ல நிலையில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கார்டைக் காம்3 முகவரியிலேயே விட்டு, ஐ.ஆர்.கியூவை மட்டும் 5 ஆக மாற்றலாம். ஆனால் ஒலி அட்டை பொதுவாக 5 இல்தான் உட்கார்ந்திருக்கும். நிறுவைக் கணினிக்கு ஒலி தேவையில்லை; அதைக் கழற்றிவிடலாம். 10, 11 ஆகியவற்றில் வைக்கலாமே என்று நினைப்பவர்கள் கார்டின் விளிம்பை முதலில் பார்க்க வேண்டும். நீளமான ஒரே பல்வரிசை இருந்தால் அது 8 பிட் கார்டு. 10, 11 ஆகிய கம்பிகள் பின்னால் உள்ள குட்டைப் பகுதியில் வருவதால் அந்தக் கார்டால் அவற்றைத் தொடவே முடியாது. எந்த எண்ணை வைத்தாலும், நிரலின் அமைப்பிலும் அதே எண்ணைச் சொல்ல இடமிருக்க வேண்டும். காம்3 என்றால் 4 தான் என்று இறுகக் கட்டிய டாஸ் நிரல்கள் பல உண்டு.

யூ.எஸ்.பி சீரியல் கேபிள் வாங்கலாமா என்று யாராவது கேட்கலாம். போர்ட்டின் முகவரியை நேரடியாகத் தட்டும் டாஸ் நிரலுக்கு அது தெரியாது.

மீண்டும்: மடுவத்துக் கிளாக்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. செவ்வாய்க்கிழமை மாலை நிறுவை முடிந்ததும் ஐயா சொன்னபடியே செய்தேன். ஜம்பர் மூடி அரிசி மணி அளவே இருந்ததால், வீட்டிலிருந்து சிறு இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து மாற்றினேன். பட்டியலில் நெட்வொர்க் கார்டு 11 என்று வந்தது. 3 எங்கும் இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் இரண்டு தராசுகளும் ஒன்றாகவே ஓடின. துண்டுகளோடு ஒத்துப்பார்த்ததில் ஒரு கிலோவும் பிசகவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. வந்த பிறகு கணினியைத் தொடங்கினால், சிமாஸ் செக்சம் பிழை என்று காட்டி எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தி உள்ளே போனேன். இரண்டாவது தராசிலிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை. ஒவ்வோர் இரவும் கணினியை அணைக்கத்தான் செய்கிறோம். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?

பதில் 3: பண்டாரவளைத் திருத்துநர்

இரவில் சுவர் சுவிட்சை அணைக்காமல் கணினியை மட்டும் அணைத்திருப்பீர்கள். அப்போது பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம், பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸ் நினைவகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் முற்றாகப் போனால் போர்டில் உள்ள நாணய வடிவப் பற்றரி மட்டுமே துணை, உங்களுடையது தீர்ந்திருக்கிறது. அதனால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, போர்டின் காம்2 ஐ மறுபடி எழுப்பிவிட்டது. இப்போது அதுவும் கார்டும் ஒரே முகவரியில் மோதுகின்றன.

சி.ஆர் 2032 என்ற 3 வோல்ட் பற்றரி கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். மாற்றிய பிறகு முதலில் திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள், ஏனெனில் நிறுவைப் பதிவின் நாள் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடுத்து மூன்று அமைப்புகளையும் முன்போலவே வையுங்கள்: ஆன்போர்டு போர்ட் 2 டிசேபிள், ரிசோர்ஸஸ் மேனுவல், ஐ.ஆர்.கியூ 3 லெகசி ஐ.எஸ்.ஏ. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் உட்பக்கமாக ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த மேசைக்கு வருகிறவரும் அதையே தேடுவார்.

தராசுக் கேபிள் எவ்வளவு நீளம், வெளியே தொங்குகிறதா?

மீண்டும்: மடுவத்துக் கிளாக்கர்

பற்றரியை மாற்றி அமைப்புகளை வைத்துவிட்டேன். சுவர் சுவிட்சை ஒரு மணித்தியாலம் அணைத்துவைத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது தராசின் கேபிள் சுமார் 20 மீட்டர், தகரக் கூரையின் ஓரமாகத் திறந்த வெளியில் போகிறது.

பதில் 4: பண்டாரவளைத் திருத்துநர்

அப்படியானால் அடுத்த இடிக்கு முன் அதையும் பாருங்கள். ஆர்.எஸ் 232 இற்குப் பழைய வரையறை 15 மீட்டர்தான். கூரையோரம் தொங்கும் கம்பி மின்னல் நேரத்தில் மின்னழுத்தத்தை வாங்கி நேராகப் போர்ட்டுக்குள் தள்ளிவிடும். கணினியைத் தராசுப் பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் மின்தொடர்பைத் துண்டித்து ஒளியால் தகவலைக் கடத்தும் ஒளிவழிப் பிரிப்பான் ஒன்றைக் கேபிளின் நடுவே போடச் சொல்லி, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேளுங்கள். அது வரும்வரை, வானம் கறுத்து நிறுவையும் முடிந்திருந்தால் இரண்டு கேபிள்களையும் கழற்றி வையுங்கள்.