கிளிமஞ்சாரோ ஏற எந்தப் பாதை? லடாக்கின் லேயில் தலைவலியில் படுத்தவள் கேட்கிறேன், உதவுங்கள்

தண்டையார்பேட்டை டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். வயது 43. தனியார் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். ஆப்பிரிக்காவின் உயரமான சிகரம் கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. நேரில் போய் ஏறிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தம்பியும் வருகிறான்.

ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். மரங்குப் பாதை 5 நாள், மச்சாமே 7 நாள், லெமோஷோ 8 நாள் என்று மூன்று சொன்னார்கள். மரங்குதான் விலை குறைவு, கூடாரம் கிடையாது, கட்டில் போட்ட மரக் குடில்கள், ஏற்றமும் சுலபம், அதையே எடுங்கள் என்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

என் கவலைகள்: மூன்று வருஷத்துக்கு முன்பு லேவுக்கு விமானத்தில் போனேன். அது 3,500 மீட்டர். இறங்கிய அன்று ராத்திரியே தலை வெடிப்பது போல் வலி, வாந்தி. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அடுத்தது, தம்பி வியாசர்பாடியில் சின்ன வயசிலிருந்து கால்பந்து ஆடியவன், வலது முட்டியில் பழைய அடி இருக்கிறது. விடுமுறை எனக்கு மே மாதம்தான். அப்புறம், நாங்கள் இருப்பது கடல் மட்டம். எங்கள் தெருவில் ஏறுவதற்கு மேம்பாலத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. எப்படிப் பயிற்சி செய்வது?

கொளத்தூர் நடைக்காரர்:
மரங்கு போதும் மேடம். என் நண்பர் ஒருவர் 5 நாளில் உச்சி தொட்டு வந்தார். குடில் இருப்பதால் நனைய மாட்டீர்கள். தினமும் ஓடிப் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டால் மலை நோயெல்லாம் வராது.

ராயபுரம் கப்பல்காரன்:
டீச்சர், தயவுசெய்து அந்த 5 நாளுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் அதே 5 நாள் மரங்கில் போய்த் திரும்பி வந்தவன். ஏழு வருஷத்துக்கு முன்பு. அப்போது எனக்கு 34 வயது, கப்பலில் இன்ஜின் ரூம் வேலை, உடம்பில் ஒரு குறையும் இல்லை.

பாதை சுலபம் என்பது உண்மைதான், கால்களுக்குச் சுலபம். ஆனால் ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று பாருங்கள். மண்டாரா குடில் 2,720 மீட்டர். மறுநாள் ஹொரோம்போ 3,720. அதற்கு மறுநாள் கிபோ 4,720. தினம் ஆயிரம் மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர் என்று நீங்களே பாடம் எடுத்திருப்பீர்கள். இங்கே முதல் ராத்திரி தலை சாய்ப்பதே அதைவிட உயரத்தில்.

கிபோவுக்குப் பகல் இரண்டு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தேன். தட்டில் போட்டதைத் தொடவில்லை. தலைக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். நள்ளிரவில் எழுப்பி ஏற்றினார்கள். உச்சிக்கு அங்கிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர், முழுக்கச் சரளை மண், ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கும். ஹான்ஸ் மேயர் குகை வரைக்கும் போனேன். அங்கே உட்கார்ந்தவன் பேசியது கைடுக்குப் புரியவில்லை, எனக்குத் தமிழா இங்கிலீஷா என்றே தெரியவில்லை. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஹொரோம்போவுக்கு வந்தபோது தலைவலி போய்விட்டது, பசித்தது. அன்று என்னை உயிரோடு கொண்டுவந்தது அந்த மனிதர்தான்.

கொளத்தூர் அண்ணன் சொன்ன ஓட்டப் பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. உயர நோயை அது தடுக்காது. நல்ல ஓட்டக்காரர்கள் வேகமாக ஏறி மாட்டிக்கொள்வதும் உண்டு. மலையில் கைடுகள் "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக.

மூன்று வருஷம் கழித்து லெமோஷோ 8 நாளில் போய் உச்சி தொட்டேன். அதே உடம்பு, வயசு மட்டும் கூடியிருந்தது. அங்கே ராத்திரி படுத்த உயரங்கள் சுமாராக இப்படி: 2,650, 3,500, 3,850, 3,950, 4,000, 4,650. நாலாம் நாள் லாவா டவர் என்ற பாறை வரைக்கும், 4,600 மீட்டருக்கு ஏற்றிவிட்டு, ராத்திரிக்கு பர்ராங்கோ முகாமுக்கு இறக்குகிறார்கள். உயரத்துக் காற்றை உடம்புக்குக் காட்டிவிட்டுக் கீழே தூங்க வைப்பது. அன்று மத்தியானம் லேசாகத் தலை வலித்தது, இறங்கியதும் நின்றுவிட்டது. மச்சாமே 7 நாளும் இதே லாவா டவர் வழியாகத்தான் போகும், ஒரு நாள் குறைவு. மச்சாமேயை 6 நாளில் தள்ளிவிடுகிற ஏஜென்சிகளும் இருக்கின்றன, அதை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எந்த ஏஜென்சியிடமும் பாதையின் பெயரைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் நர்ஸ்:
அக்கா, நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் இதைச் சொல்கிறேன். லேயில் உங்களுக்கு வந்தது உயர நோய்தான். ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு கூடுதல். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கிளிமஞ்சாரோவில் எந்தப் பாதையும் இதற்கு முழுசாக ஒத்துவராது. 8 நாள் பாதை கிட்டத்தட்ட வரும், 5 நாள் பக்கத்திலேயே வராது.

டயமாக்ஸ் என்று பலர் எழுதுவார்கள். அசெட்டசோலமைடு மாத்திரை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும். கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், பிரஷர், சுகர் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். இங்கேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது, விரல் நுனி மரத்துப் போவது, அடிக்கடி சிறுநீர் போவதெல்லாம் பயப்படாமல் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தலைவலியோடு நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்கிற நிலை அது.

விமானம் எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையா என்று முதலிலேயே விசாரியுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
கப்பல்கார தம்பிக்கும் நர்ஸ் தங்கைக்கும் ரொம்ப நன்றி. படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. 5 நாள் வேண்டாம், முடிவு. லெமோஷோ என்று மனசு சொல்கிறது. ஆனால் மே மாதத்தில் போகலாமா? தம்பியின் முட்டி தாங்குமா? பர்ராங்கோவில் பாறைச் சுவர் ஒன்று ஏற வேண்டும் என்று படித்தேன், அதுவும் பயமாக இருக்கிறது.

ராயபுரம் கப்பல்காரன்:
சுவருக்குப் பயப்பட வேண்டாம். கயிறு தேவையில்லை, சில இடங்களில் கையை ஊன்றி ஏற வேண்டும், அவ்வளவுதான். காலையில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். உச்சி ஏறிய பிறகு இறங்குவதுதான் முட்டிக்கு வேலை. லெமோஷோவும் மச்சாமேவும் ம்வேகா வழியாக இறங்கும். உச்சி தொட்ட அன்றே ம்வேகா முகாமுக்கு, 3,100 மீட்டருக்கு இறக்கிவிடுவார்கள். ஒரே நாளில் 2,800 மீட்டர் இறக்கம். எனக்கு இரண்டு முட்டியும் நல்ல முட்டிதான், மறுநாள் படி இறங்க முடியவில்லை.

மே வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும் அங்கே பெரிய மழைக்காலம். ஜூன் முதல் அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் வறண்ட காலம். உங்களுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருமே, அதோடு நாலைந்து நாள் சம்பளமில்லா விடுப்பு சேர்த்துப் பாருங்கள்.

மாதவரம் மலைப்பித்தன்:
ரோங்கையை யாருமே சொல்லவில்லையே. கென்ய எல்லைப் பக்கம், வடக்கிலிருந்து ஏறுகிற பாதை. அந்தப் பக்கம் மழை குறைவு, கூட்டமும் குறைவு. 7 நாள் திட்டத்தில் மாவென்சி சிகரத்தின் அடியில் இருக்கும் குளத்தங்கரையில், 4,300 மீட்டரில், இரண்டு ராத்திரி தங்கலாம். கடைசி முகாம் கிபோதான், ஆகவே ராயபுரத்துக்காரர் சொன்ன அதே சரளை மண் ஏற்றம் உண்டு. ஆனால் இறக்கம் மரங்குப் பக்கம், உச்சியன்று ஹொரோம்போவில், 3,720இல் நிறுத்திவிடுவார்கள். ம்வேகாவைவிட 600 மீட்டர் குறைந்த இறக்கம், பாதையும் சாய்வு குறைந்தது. முட்டி கெட்டவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பணத்தை மிச்சப்படுத்த 6 நாளாகக் குறைத்தால் அந்த இரண்டாவது ராத்திரிதான் போகும்.

பயிற்சிக்கு: வாரநாளில் அடுக்குமாடிப் படி, முதுகில் 6 கிலோ பை. மாதம் இரண்டு ஞாயிறு மலை. சோளிங்கர் 1,305 படி. அலிபிரி வழியாகத் திருமலை, 3,550 படி. ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள், முட்டியின் யோக்கியதை அப்போதுதான் தெரியும். எம்.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று பருத்திச் சட்டையாக அள்ளிக்கொண்டு போகாதீர்கள், வியர்வையில் நனைந்தால் காயாது, உச்சி ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி போகும்.

ராயபுரம் கப்பல்காரன்:
மாதவரம் அண்ணன் சொல்வது சரி. முட்டிப் பிரச்சினைக்கு ரோங்கை நல்ல யோசனை, நான் லெமோஷோ மேலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

ஏஜென்சி பற்றி இன்னொன்று. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் போவதால் ஒரு அளவுக்குக் கீழே யாராலும் விலையைக் குறைக்க முடியாது. அதற்கும் கீழே குறைக்கிறார்கள் என்றால் சுமைதூக்கிகள் கூலியில் கைவைக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் தூக்கக்கூடியது 20 கிலோ என்று விதி இருக்கிறது, எடை போடுகிறார்களா என்று கேளுங்கள். ராத்திரி அவர்களுக்குக் கூடாரம், மூன்று வேளைச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். என் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். முதல் பயணத்தில் நான் போன ஏஜென்சியில், மழையில் செருப்போடு ஏறிய ஒரு பையனைப் பார்த்தேன். இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

தண்டையார்பேட்டை டீச்சர்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சோளிங்கர் போனோம். நான் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினேன், கால் நடுங்கியது, வலி இல்லை. தம்பி ஒரு முறை இறங்கியதுமே முட்டி வீங்கிவிட்டது. மறுபடி ஏறியவன் ரோப் காரில்தான் கீழே வந்தான். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, தொடைத் தசையைப் பலப்படுத்தினால் போகலாம், இரண்டு கையிலும் ஊன்றுகோல் வேண்டும், நீண்ட இறக்கத்தைத் தவிருங்கள் என்றார். ஆகவே ரோங்கை, ஒரு நாள் கூட்டி 8 நாள், செப்டம்பர் கடைசி வாரம். தலைமையாசிரியர் விடுப்புக்கு ஒத்துக்கொண்டார்.

வேறு ஏஜென்சி பிடித்தேன். படுக்கும் உயரம் கேட்டதும் அட்டவணை அனுப்பினார்கள்: 2,600, 3,450, 3,600, 4,300, 4,300, 4,720. சுமைதூக்கிகள் கூலியையும் எழுத்தில் தந்திருக்கிறார்கள். 3,600இலிருந்து 4,300 போகிற நாள்தான் எனக்கு உதைக்கிறது. அதற்கு ஏதாவது செய்யலாமா?

திருவொற்றியூர் நர்ஸ்:
அந்த நாளுக்குத்தான் அக்கா மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் இப்போதே பேச வேண்டும். அன்று மிக மெதுவாக நடங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலை வலித்தால் கைடிடம் மறைக்காதீர்கள். மறுநாள் அங்கேயே தங்குகிறீர்கள், பகலில் கொஞ்சம் மேலே நடந்துவிட்டு இறங்கி வாருங்கள். அன்று சாயங்காலமும் தலைவலி விடவில்லை என்றால் கிபோவுக்குப் போகவே கூடாது.

மாதவரம் மலைப்பித்தன்:
டீச்சர், அலிபிரிக்கு அடுத்த ஞாயிறு நானும் என் மனைவியும் போகிறோம். சென்ட்ரலில் காலை திருப்பதி வண்டி. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊன்றுகோல் பிடிப்பது எப்படி என்று இறங்கும்போது காட்டுகிறேன்.