புதுப்பிப்பு: பீட்ரூட்டில் வெள்ளை வளையம், விதையில் குறையில்லை

டெட்ராய்ட் டார்க் ரெட் என்ற கருஞ்சிவப்பு ரகமென்று வாங்கி விதைத்த பீட்ரூட்டை நறுக்கியபோது வெளிறிய வளையங்கள் தெரிந்ததாகவும், விதைக்கடையில் வேறு ரகத்தைக் கலந்துவிட்டார்களோ என்று ஐயப்படுவதாகவும் கடந்த வைகாசியில் இங்கே எழுதியிருந்தேன். அந்த ஐயம் தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதே பொட்டலத்தில் மீதமிருந்த விதையை ஐப்பசியில் ஊன்றி, நேற்று முதல் கிழங்கைப் பிடுங்கி அரிவாள்மனையில் குறுக்காக அரிந்தேன். நடுவிலிருந்து தோல்வரை ஒரே கருஞ்சிவப்பு, விரலிடுக்கில் ஏறிய சாயம் இன்னும் போகவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் கிழங்கு பருத்ததால் நிறம் சீராகப் பிடிக்காமல் வளையமாகப் பிரிந்திருக்கிறது.

கலந்திருக்குமோ என்று நான் சந்தேகித்த கியோஜா, வெனிஸுக்கு அருகிலுள்ள கடலோர ஊரின் பெயர் கொண்ட இத்தாலிய ரகம். அதில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவது பிறவிக்குணம், குளிர்காலத்தில் விளைந்தாலும் மாறாது. வேகவைத்தால் அந்த வளையங்கள் மங்கிவிடுவதால், பொரியலுக்காக அதைத் தேடி வாங்குவது வீண் என்பது என் கருத்து.

ஊட்டி 1 என்ற பீட்ரூட் ரகத்தில் நாமே விதை எடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: பீட்ரூட் பூத்து விதை பிடிக்கக் குளிர் வேண்டும், நீலகிரியின் தட்பவெப்பத்தில் அந்த ரகம் விதை கட்டும், சமவெளியில் நாம் விதையை வாங்கித்தான் ஆகவேண்டும். பல விதைகள் ஒட்டிய ஒரு விதையுருண்டையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைத்தால் அதுவும் கலப்படமன்று. ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.