பீட்ரூட் அடுக்குவதும் வரமா?

மலைக்குருவி, கோத்தகிரி:
எங்கள் சபையில் விளைச்சலுக்காகக் கர்த்தரைத் துதிக்கும் அறுப்பின் பண்டிகை முடிந்தது. கேரட், முட்டைகோஸ், பீட்ரூட்டை வைத்தே பீடத்துக்கு முன்னால் ஒரு அக்கா செய்த அலங்காரத்தை எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள், ஆனால் நன்றி சொல்லும்போது பாடகர் குழு, கீபோர்டு தம்பி, பிரசங்கியார் என்று போய் அதோடு நின்றுவிட்டது. அக்காவே "எனக்கு என்ன தாலந்து இருக்கு, பாட்டும் வராது"ன்னு சொல்றாங்க. மைக் பிடிப்பதுதான் வரம் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். வேதாகமத்தில் யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது பெசலெயேலைப் பற்றி. அவன் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்தவன், பொன், வெள்ளி, கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்கிற ஆள்.

குன்னூர் பெரியவர்:
தம்பி, அடுத்த அதிகாரத்தையும் வாசி. மோசேயின் அண்ணன் ஆரோன், ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்ததும் கைவேலைதான். பெசலெயேல் இஷ்டத்துக்கு எதையும் செய்யவில்லை, மோசேக்கு மலையில் காட்டிய மாதிரிப்படி செய்தான். இப்போது காய் அடுக்கினாலும் கிரியேட்டிவிட்டி! பேர் வாங்க ஆசைப்பட்டதில் வந்ததுதான் பாபேல் கோபுரம். அது சரி, நன்றி சொல்லவில்லை என்று வருத்தம் அந்த அம்மாவுக்கா, உனக்கா?

மலைக்குருவி:
எனக்குத்தான் ஐயா. அவங்க மறுநாளே தோட்டத்துக்குப் போயிட்டாங்க. ஆனால் பெசலெயேல் யோசித்துச் செய்தான் என்றும் அதே இடத்தில்தானே இருக்கிறது?

பூம்பாறை தையல்காரி:
ஐயா, கன்றுக்குட்டிக்குக் காதணியைக் கழற்றிக் கொடுத்த அதே ஜனங்கள்தான் ஆசரிப்புக் கூடாரத்துக்கும் நகையைக் கொடுத்தார்கள். தங்கத்திலோ கையிலோ கோளாறு இல்லை, யாருக்காகச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. வெள்ளாட்டு மயிரைத் திரித்த பெண்களைக்கூட 35-ம் அதிகாரம் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த தொற்காள் செத்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்த துணிகளை. அவளாகப் பேர் தேடவில்லை, மற்றவர்கள் கண்டார்கள், சொன்னார்கள். அதைச் சொல்வது பெருமையா?

ஊட்டி மழை:
நீங்க எல்லாரும் சபைக்குள்ளேயே சுத்துறீங்க. தோடர் பெண்கள் வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை போடுகிறார்கள், 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. அது யார் கொடுத்தது?

குன்னூர் பெரியவர்:
நல்ல கேள்வி. கின்னரக்காரருக்கும் நாகசுரக்காரருக்கும் தகப்பனான யூபால், தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம். சாலொமோன் ஆலயத்தின் வெண்கல வேலைக்கு ஆள் வந்தது அந்நிய தேசமான தீருவிலிருந்து, அவன் அப்பா தீரு தேசத்தான். திறமையைக் கர்த்தர் எல்லோருக்கும் தருகிறார், நான் மறுக்கவில்லை. மேடையில் பேர் வாசிப்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. இந்த வருடம் வாசித்தால் அடுத்த வருடம் சண்டை வரும், நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்.

பூம்பாறை தையல்காரி:
சரி, பேர் வேண்டாம். பெசலெயேலுக்கும் அவனோடு வேலை செய்த அகோலியாபுக்கும் மற்றவர்களுக்குப் போதிக்கும் வரமும் கொடுத்ததாக இருக்கிறதே, அதைச் செய்யலாமே. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு மணி நேரம் அந்த அக்காவிடம் பிள்ளைகளை விடுங்கள். வரைந்து கொடுத்த படத்துக்கு வண்ணம் அடிக்க வைப்பதை நிறுத்திவிட்டு, கையில் கிழங்கையும் இலையையும் கொடுத்து என்ன வருகிறது என்று பார்க்கட்டும். கெட்டுப்போனாலும் சாம்பாருக்கு ஆகும்.

குன்னூர் பெரியவர்:
இதற்கு நான் கை தூக்குவேன்.

மலைக்குருவி:
கமிட்டியில் இதைத்தான் போன வருடம் கேட்டேன். காய்க்கு பட்ஜெட் இல்லையாம். அதே கூட்டத்தில்தான் கீபோர்டுக்கு ஸ்பீக்கர் வாங்கத் தீர்மானம் போட்டார்கள்.