வீட்டில் ரேம் மாற்றும்போது நிலைமின்சாரத்துக்கு அஞ்ச வேண்டுமா? சேலத்து வெயிலும் எர்த் இல்லாத சாக்கெட்டும்

சூரமங்கலம்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் ரேமை 16 ஜிபியாகக் கூட்டவும், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தவும் பொருள்களை வாங்கி வைத்திருக்கிறேன். உடலில் சேரும் நிலைமின்சாரத்தை வெளியேற்ற மணிக்கட்டில் கட்டும் கம்பி வைத்த ஸ்ட்ராப் இல்லாமல் தொட்டுக் கெட்டுப்போனால் வாரண்டி கேட்டு வரக் கூடாது என்று கடையில் சொன்னார்கள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரோ, வெறுங்கையால்தான் எல்லாம் செய்கிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார். பங்குனி வெயில், வழுவழுப்பான டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, இதுதான் என் நிலைமை. யார் சொல்வதைக் கேட்பது?

ஐந்து ரோடு:
பழுது பார்ப்பவர் சொல்வதே அனுபவத்துக்குப் பொருந்துகிறது. இந்த அச்சம், கம்பளம் விரித்த தரையில் காலுறையோடு நடக்கும் குளிர்நாட்டு வீடுகளிலிருந்து கையேடுகளின் வழியாக நம்மிடம் வந்தது. நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறோம், பருத்தி உடுத்துகிறோம், காற்றிலும் ஓரளவு ஈரம் இருக்கிறது. உடலில் சேரும் மின்னூட்டம் சேரச் சேரக் கசிந்துவிடுகிறது. மேலும், இன்றைய சிப்புகளின் ஒவ்வொரு இணைப்புக் காலுக்கும் உள்ளேயே, மிகை மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் பாதுகாப்பு டயோடுகள் வைக்கப்படுகின்றன. என் அறிவுக்கு எட்டியவரை, வீட்டில் ரேம் கெடுவதற்கு முதன்மையான காரணம், பிளக்கைப் பிடுங்காமல் மாற்றுவதுதான். மானிட்டர் அணைந்திருந்தாலும், கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அம்மாபேட்டைத் தறி:
ஐந்து ரோடு நண்பர் சென்னையின் காற்றை மனத்தில் வைத்து எழுதுகிறாரோ என்று தோன்றுகிறது. சேலம் கடலிலிருந்து வெகுதூரம். மாசி, பங்குனி மதியங்களில் இங்கே காற்று எவ்வளவு காய்ந்திருக்கும் என்பதைத் தறிக்கூடத்தில் நிற்பவர்கள் நன்கு அறிவார்கள். அந்த மாதங்களில் எங்கள் கூடத்தில் பாலியஸ்டர் பாவு (நெசவின் நீளவாட்டு இழைகள்) ஓடும்போது இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிந்து நிற்கும். பிசிறு எழும்பி அறுந்துபோகும். கையை அருகில் கொண்டுபோனால் முன்கையின் மயிர் நிமிரும். தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்தைக் கூட்டிய பிறகுதான் ஓட்டம் சீராகும். இதே ஊரில், இதே மதியத்தில்தான் சூரமங்கலம் நண்பர் ரேமைக் கையில் எடுக்கப் போகிறார்.

எண்களையும் பார்ப்போம். நிலைமின்சாரக் கையேடுகளில் நெடுங்காலமாக இடம்பெறும் ஒரு பட்டியல் உண்டு. வினைல் தரையில் நடப்பவரின் உடலில், காற்றின் ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதமாக இருந்தால் 250 வோல்ட் ஏறும். அதுவே 10 முதல் 20 சதவீதமானால் 12,000 வோல்ட் வரை போகும். நம் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சுருக்கென்று விரலில் தெறிப்பதை மனிதர் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே நடக்கும் மின்னிறக்கம் எதுவும் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, "எனக்கு ஒருபோதும் ஷாக் அடித்ததில்லை" என்பதை இந்த விஷயத்தில் சான்றாகக் கொள்ள முடியாது.

ஐந்து ரோடு:
எண்களை மறுக்கவில்லை, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவை மறுக்கிறேன். மனித உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும், 1,500 ஓம் மின்தடையாகவும் வைத்துத்தான் சிப்புகளைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலான சிப்புகள் அந்தச் சோதனையில் 1,000 முதல் 2,000 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. வெறுங்காலுடன் நிற்கும் ஒருவர் அதைத் தாண்டுவது அரிது. ரேமின் மீது வேண்டுமென்றே மின்பொறி பாய்ச்சியும் அது வேலை செய்துகொண்டிருப்பதை யூடியூபில் எத்தனையோ பேர் காட்டிவிட்டார்கள். "இன்று கெடாது, உள்ளே காயப்பட்டு ஆறு மாதம் கழித்துக் கெடும்" என்ற வாதத்தை யாரும் எடுத்து வர வேண்டாம். எந்தப் பழுதுக்கும் அந்தக் காரணத்தைச் சொல்லலாம், எதையும் நிரூபிக்க முடியாது. அத்தகைய மறைபழுது எவ்வளவு பரவலானது என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

அம்மாபேட்டைத் தறி:
மறைபழுதை நான் வாதத்துக்கு எடுக்கவில்லை. உடனடிப் பழுதே போதும். 3,000 வோல்ட் ஏறிய உடல் நீங்கள் சொன்ன 1,500 ஓம் வழியாக இறங்கும்போது 2 ஆம்பியர் வரை பாய்கிறது. ஒரு விநாடியில் கோடியில் சில பங்கு நேரம்தான் என்றாலும், சிப்புக்குள் சில நானோமீட்டர் தடிமனே உள்ள, மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலத்தைத் துளைக்க அது போதும். பாதுகாப்பு டயோடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அவை பெரிதாக இருந்தால் மின்தேக்குத்திறன் கூடி வேகமான சமிக்ஞையைக் கெடுக்கும் என்பதால், வேகம் கூடிய இணைப்புகளில் அவற்றைச் சிறிதாகவே வைக்க முடிகிறது. பத்துப் பேர் கெடுக்காமல் மாற்றியதைக் காணொளி காட்டும். கெட்டுப்போனவர் காணொளி எடுப்பதில்லை. வெறுங்காலைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. பழைய சிமெண்டுத் தரையில் மின்னூட்டம் கசிந்து இறங்கும். நண்பர் வீட்டில் இருக்கும் மெருகேற்றிய டைல்ஸ் அந்த அளவுக்குக் கடத்தாது. பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும் அந்த ஒரு நொடியில்தான் மின்னூட்டம் பிரிகிறது.

சேர்வராயன்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மூடுபனி நாள்களில் எங்கள் வீட்டுச் சுவரே வேர்க்கும். அப்போது இந்தக் கேள்வியே எழாது. பனி விலகிய வறண்ட நாளில், செயற்கை இழை ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றும்போது படபடவென்று பொறி கேட்கும். ஆகவே ஊரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அன்றைய காற்றையும் உடையையும் பார்த்து முடிவு செய்வது நல்லது.

இருவரும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. உடல் மட்டுமல்ல, பாகமே மின்னூட்டம் ஏறி நிற்கலாம். ரேமை அதன் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து சரசரவென்று உருவி, நேராக உலோகத்தில் படும்படி வைத்தால், அந்தப் பாகத்திலிருந்தே மின்னிறக்கம் நடக்கிறது. அதற்கு மணிக்கட்டு ஸ்ட்ராப் உதவாது. மெதுவாக எடுத்து, ஓரங்களில் பிடித்து, மறு கையால் கேபினெட்டின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்ட பிறகே பொருத்த வேண்டும். கம்பியில்லாத ஸ்ட்ராப் என்று விற்பதை வாங்க வேண்டாம். மின்னூட்டம் வெளியேற அதில் வழியே இல்லை.

ஐந்து ரோடு:
கேபினெட்டைத் தொடச் சொல்வது எனக்கும் உடன்பாடே. ஆனால் இணையத்தில் பலரும் "பிளக்கைச் செருகியே வைத்து, சுவிட்சை மட்டும் அணைத்து, எர்த்துக்காகக் கேபினெட்டைத் தொடுங்கள்" என்கிறார்கள். நம் வீடுகளில் அது சரிப்படாது. மூன்று துளை சாக்கெட் இருக்கும். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் காரணமாகக் கேபினெட்டில் 230 வோல்ட்டில் பாதியளவு மிதக்கும். புறங்கையால் தடவினால் நமநமவென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரும் ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில் மானிட்டருக்கான எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் போர்ட் போய்விடக்கூடும். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருக்கும் வயரிங்கில், சுவிட்சை அணைத்த பிறகும் இதே கதைதான். நிலைமின்சாரத்தைவிட இதற்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

அம்மாபேட்டைத் தறி:
இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதனால்தான் பிளக்கை முழுவதும் பிடுங்கிவிடச் சொல்கிறேன். நமக்குத் தேவை, உடலும் கேபினெட்டும் பாகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பது. அவற்றுக்குள் வேறுபாடு இல்லாவிட்டால், எர்த்தே இல்லாத வீட்டிலும் மின்னிறக்கம் நடக்காது. ஸ்ட்ராப்பின் கிளிப்பைக் கேபினெட்டின் உலோகத்தில் மாட்டினால் போதும். தரமான ஸ்ட்ராப்பில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும் ஸ்ட்ராப் வழியே கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும். வெறும் செம்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது அதனால்தான் ஆபத்து. ஸ்ட்ராப் கட்டாயம் என்று கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் தொடுவதை மறந்துபோகும் கைக்கு அது நல்ல துணை.

ஐந்து ரோடு:
ஒரு ரேமுக்கும் ஒரு எஸ்.எஸ்.டி.க்கும் ஸ்ட்ராப் வாங்குவது தேவையற்ற செலவு என்பதில் நான் மாறவில்லை. புதிதாக முழுக் கணினி கட்டுபவர் வாங்கட்டும்.

சூரமங்கலம்:
அனைவருக்கும் நன்றி. எழுதியதைப் படித்துவிட்டுக் கேபினெட்டைப் புறங்கையால் தடவிப் பார்த்தேன், நமநமப்பு இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன், எர்த் சரியான பிறகே மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டுவேன். ரேம் வேலையை நாளைக் காலையிலேயே, பருத்திச் சட்டை அணிந்து, பிளக்கையும் பிற கேபிள்களையும் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டுத் தொடங்குகிறேன். கழற்றும் பழைய ரேமை எதில் வைப்பது?

அம்மாபேட்டைத் தறி:
புதிய ரேம் வெள்ளி நிற உறையில் வந்திருந்தால் அதற்குள்ளேயே வைத்து வாயை மடித்துவிடுங்கள். இளஞ்சிவப்பு உறை தன்மேல் மின்னூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, வெளியிலிருந்து வரும் மின்னிறக்கத்தைத் தடுக்காது. உறையின் மேலே மதர்போர்டை வைத்து மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். சில உறைகளின் மேற்புறம் மின்சாரத்தைக் கடத்தும். அதற்கு மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியே நல்லது.