சிங்கப்பூர் தைப்பூசப் படங்கள் வரிசை குலைந்து கிடக்கின்றன: இரண்டு கேமரா, ஒரு போன், மூன்று நேரம். உதவி தேவை

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். இந்தத் தைப்பூசத்துக்குச் சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் முதல் முறையாகப் பால்குடம் எடுத்தான். சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை கூடவே நடந்து படம் எடுத்தோம். என் கையில் மிரர்லெஸ் கேமரா, அண்ணன் கையில் அவருடைய பழைய டிஎஸ்எல்ஆர், இடையிடையே என் போன். மொத்தம் 1,140 படங்கள்.

மதுரைக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துவிட்டது. போன் படங்கள் மட்டும் சரியாக இருக்கின்றன. என் கேமரா இந்திய நேரத்திலேயே இருந்திருக்கிறது. அங்கே இரவு 12:40 வாக்கில் எடுத்த படத்தில் முந்தைய நாள் 10:10 என்று இருக்கிறது. தேதியே மாறிவிட்டதால் ஒரே ஊர்வலம் இரண்டு நாள் நடந்ததுபோல் தெரிகிறது. அண்ணன் கேமராவில் எல்லாப் படங்களும் 2015 ஜனவரி 1 என்கின்றன.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. பேரன் குடத்தைத் தலையில் ஏற்றியது முதல் பால் ஊற்றியது வரை வரிசையாக ஒரு ஆல்பம் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு படமாக நகர்த்தாமல் சரிசெய்ய வழி உண்டா?

இன்னொரு சந்தேகம். காவடியில் சீரியல் விளக்கு எரியும் படங்களில், என் கேமராவில் விளக்கு வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் முகம் இருட்டாகிறது. போனில் இரண்டுமே தெரிகின்றன. இவ்வளவு விலை கொடுத்த கேமராவில் ஏன் இப்படி?

நெல்லை நிழல்

முதலில் ஒன்று: கேமராவின் நேரத்தை இப்போதைக்குத் திருத்தாதீர்கள். அண்ணனிடமும் உடனே சொல்லிவிடுங்கள்.

போனில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து வைத்து, அதை அந்தந்தக் கேமராவால் ஒரு படம் எடுங்கள். படத்துக்குள் தெரியும் நேரம் உண்மையானது, படத்தின் விவரத்தில் பதிவாகியிருப்பது கேமராவின் நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் எல்லாப் படங்களுக்கும் கூட்ட வேண்டியது. கடிகாரத்தைத் திருத்திவிட்டால் இந்தக் கணக்கு கையை விட்டுப் போய்விடும்.

நான் கல்யாண வேலை செய்கிறேன். மூன்று கேமரா ஓடும். முகூர்த்தத்துக்குப் போகும் முன் மூன்றாலும் ஒரே போனின் கடிகாரத்தைப் படம் எடுத்துவிடுவோம். தாலி கட்டும் படம் மாலை மாற்றுவதற்கு முன்னால் வந்து நின்றதால் ஒரு முறை பட்ட பாடு போதும் என்று ஆரம்பித்த பழக்கம் இது.

அண்ணன் படங்கள் உங்களுக்கு எப்படி வந்தன? வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்திருந்தால் அதில் எடுத்த நேரமே இருக்காது.

வைகைக்கரை

உடனே எடுத்துப் பார்த்தேன். போனில் 7:42:10, கேமராவில் 7:38:27. அப்படியென்றால் இரண்டரை மணி நேரம் மட்டுமல்ல, மேற்கொண்டு 3 நிமிடம் 43 நொடியும் பின்தங்கியிருக்கிறது!

அண்ணனிடம் பேசினேன். நான் நேரம் தவறு என்று சொன்னதுமே போன வாரம் சரியாக மாற்றி வைத்துவிட்டாராம். அவர் படங்கள் பெரும்பாலும் பென்டிரைவில் வந்தவை. 40 படங்கள் வாட்ஸ்அப்பில்.

நெல்லை நிழல்

உங்கள் கேமராவுக்கு 2 மணி 33 நிமிடம் 43 நொடி கூட்டினால் போதும். டிஜிகாம் என்ற மென்பொருள் இலவசம், மொத்தமாக நேரத்தை நகர்த்தும் வசதி அதில் இருக்கிறது. கட்டளை எழுதப் பழக்கமிருந்தால் எக்சிஃப்டூல் இன்னும் வேகம். அது மாற்றும் முன் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளும், பயமில்லை. லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தால், எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஒன்றுக்குச் சரியான நேரம் கொடுங்கள், மற்றவை அதே அளவு நகரும். எதைச் செய்தாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அண்ணன் கேமராவுக்கு வேறு வழி. இருவரும் ஒரே நொடியில் எடுத்த ஒரு ஜோடிப் படம் தேடுங்கள். நீங்கள் ஃபிளாஷ் போட்டிருந்தால் பெரிய உதவி. அடுத்தவர் ஃபிளாஷ் நம் படத்தில் விழுந்தால் அந்த ஒரு படம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருக்கும். கல்யாண வீட்டில் அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும், ஆனால் நேரம் ஒட்டவைக்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

அந்த 40 படங்களை டாக்குமென்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய லென்ஸ்

அந்த 3 நிமிடம் 43 நொடி எப்படி வந்தது என்று சொல்கிறேன். கேமராவுக்குள் இருப்பது கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற குவார்ட்ஸ் கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றாலே நாளுக்கு 1.7 நொடி, ஆறு மாதத்தில் 5 நிமிடம். போனிலும் அதே வகைக் கடிகாரம்தான். ஆனால் செல்பேசி வலையமைப்பும் இணையமும் அதை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கின்றன. நாடு மாறினால் நேர மண்டலமும் தானாக மாறுகிறது.

அண்ணன் கேமராவில் நேரத்தைக் காக்க உள்ளே ஒரு குட்டி பேட்டரி இருக்கும். பெரிய பேட்டரி பல மாதம் இறங்கிக் கிடந்தால் அதுவும் தீர்ந்து, தேதி ஆரம்பத்துக்குப் போய்விடும். திறந்ததும் தேதி கேட்டிருக்கும், ஊர்வல அவசரத்தில் ஓகே அழுத்தியிருப்பார்.

இன்னொரு குறை படத்தின் விவரம் எழுதும் எக்சிஃப் முறையிலேயே இருந்தது. 1995இல் வந்த அந்த முறையில் எடுத்த நேரத்தோடு நேர மண்டலத்தை எழுத இடமே இல்லை. 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்த்தார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் படத்தைப் பார்த்து அது மதுரை நேரமா சிங்கப்பூர் நேரமா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கேமராவுக்கு இது தெரியாத வித்தை இல்லை. 2012இல் வந்த கேனன் 6டியில் ஜிபிஎஸ் இருந்தது, செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். 2016இல் 5டி மார்க் 4இலும் ஜிபிஎஸ் இருந்தது. 2020இல் அந்த வரிசையின் மிரர்லெஸ் வாரிசாக வந்த ஆர்5இல் அதை எடுத்துவிட்டார்கள், இடம் வேண்டுமென்றால் போனை இணைத்துக்கொள் என்று. இருந்த வசதியைத் திரும்பக் கேட்கும் நிலையில் இருக்கிறோம். போனிலிருந்து கேமரா எதைக் கற்க வேண்டும் என்று கேட்டால் வடிகட்டி, அழகுப்பூச்சு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். எங்கே, எப்போது என்பதைக் கேட்காமலே சரியாக எழுதட்டும். வரலாற்றுக்கு வேண்டியது அதுதான்.

இப்போதைக்கு உங்கள் கேமரா நிறுவனத்தின் ஆப்பைப் போனில் போட்டு, புளூடூத்தில் இணைத்து, நேரமும் இடமும் ஒத்திசைக்கும் அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரும்பாலான மிரர்லெஸ்களில் உண்டு. பல கேமராக்களில் அது தானாக இயங்காது, நாம்தான் தேடித் திறந்துவிட வேண்டும்.

இரவுச்சுடர்

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். நீங்கள் ஷட்டரை அழுத்தும்போது போன் ஒரு படம் எடுப்பதில்லை. வேண்டுமென்றே வெளிச்சம் குறைத்துப் பல படங்களை மளமளவென்று எடுத்து, கை ஆடியதையும் சரிக்கட்டி ஒன்றாக்குகிறது. குறைத்து எடுத்ததால் விளக்கு வெளுக்காது, பல படங்களைச் சேர்ப்பதால் இருட்டில் புள்ளி விழாது. கூகுள் எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் 2013இலேயே இதைக் கொடுத்தது. போனின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) சின்னது, அதனால் வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த வழி.

பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழுச்சட்ட சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அவ்வளவையும் வரிவரியாக வாசித்து முடிக்கப் பல கேமராக்களுக்கு நேரம் பிடிக்கும், அதற்குள் காவடி ஆடிவிடும். ஆனால் முடியாதது அல்ல. ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் 2019இலேயே கையில் பிடித்தபடி 16 படங்கள் எடுத்து, உள்ளேயே சேர்த்து 50 மெகாபிக்சல் படம் தந்தது. பெரிய சென்சாரில், நல்ல லென்ஸ் போட்டு, அதையே ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) தந்தால் இரவுத் திருவிழாக்களை எப்படி எடுக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்!

இப்போது செய்ய வேண்டியது: ராவில் எடுத்திருந்தால், வெளுக்காத இருட்டுப் படத்தை எடுத்து நிழல் பகுதியை மட்டும் உயர்த்துங்கள். நிறையவே மீளும். ஜேபெக் என்றால் கொஞ்சம்தான். அடுத்த முறை விளக்கைப் பார்த்து வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்தேன், கிட்டத்தட்ட முடிந்தது.

என் படங்கள் டிஜிகாமில் ஒரே நகர்த்தலில் போன் படங்களோடு சேர்ந்துவிட்டன. அண்ணன் படங்களில் ஃபிளாஷ் வெளுப்பைத் தேடினேன். டேங்க் ரோடு கோயில் வாசலில் அவர் தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களில் ஐந்தாவதில் மட்டும் மயில்தோகைக் காவடியின் ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கிறது. என் படத்தில் அதே காவடி, அதே தலைசாய்ப்பு. அந்த ஜோடியை வைத்து நகர்த்தியதும் 2015 ஜனவரி 1 போய், எல்லாம் தைப்பூச இரவுக்கு வந்து சேர்ந்தன. குடத்தை இறக்கும்போது என் படத்தில் பையனின் முகம், அடுத்தது அண்ணன் எடுத்த அவன் கைகள், அதற்கடுத்து போனில் அண்ணி அழுவது. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோது சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரா இருந்தது. விளக்குப் படங்களில் முகம் மீண்டுவிட்டது, போன் அளவுக்குச் சுத்தமாக இல்லை, ஆனால் பெரிதாக்கினால் இதுதான் நன்றாக இருக்கிறது.

புளூடூத் அமைப்பு என் கேமராவில் இருந்தது, மூன்றாவது மெனுவில். திறந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த 40இல் 29 டாக்குமென்டாக வந்துவிட்டன. மீதி 11 படங்களை அண்ணன் மெமரி கார்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.

நெல்லை நிழல்

அந்தக் கார்டில் இனி எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அழிந்திருந்தாலும் மேலே எழுதாதவரை மீட்டெடுக்க வாய்ப்பு இருக்கிறது.